முப்பத்தேழுக்கு மேல்

எங்கள் பெரியப்பாவுக்கு 2018 ஆகஸ்டில் ரத்தம் எடுத்தது நான்தான். தஞ்சாவூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அப்போது எனக்குப் பதினான்கு வருட சர்வீஸ். கையை நீட்டி உட்கார்ந்தவர் ஊசி ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. குழாயில் ரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே, "மேட்டூர் ரொம்பிட்டு, நம்ம வாய்க்கால்ல இன்னும் தண்ணியக் காணும்" என்றார். கண் இரண்டும் மஞ்சளாக இருந்தன. உடம்பெல்லாம் நமைச்சல், முன்கையில் சொறிந்த தடம் வரிவரியாகத் தெரிந்தது. அதற்கு முன் ஒன்றரை மாதம் கீழாநெல்லி அரைத்துக் குடித்திருந்தார். அதற்கும் முந்தைய வருடம் புதிதாகச் சர்க்கரை வந்து எட்டு கிலோ இறங்கியிருந்தார். சர்க்கரை வந்தால் இளைக்கத்தானே செய்யும் என்று எல்லோரும், என்னையும் சேர்த்துத்தான், சும்மா இருந்துவிட்டோம்.

மறுநாள் முடிவு வந்தது. சி.ஏ. 19-9: 2,140. பக்கத்தில் சின்ன எழுத்தில், இயல்பளவு 37 வரை.

சாயங்காலம் அவரே போன் பண்ணினார். "எவ்வளவுடா தம்பி?"

"கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு பெரியப்பா. காமாலை இருந்தா அப்படித்தான் காட்டும்."

இதில் இரண்டாவது வாக்கியம் உண்மை. முதலாவது பொய். உண்மையைக் கொண்டு பொய்க்கு முட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு அது எனக்குப் பொய்யாகவே படவில்லை, பதமாகச் சொல்லிவிட்டோம் என்றுதான் தோன்றியது. இந்தக் கட்டுரை அந்த ஒரு பதிலைப் பற்றியது. ஒருவருடைய உடம்பிலிருந்து எடுத்த எண் யாருக்குச் சொந்தம்? அதை அவரிடமிருந்து மறைப்பதற்கு, அன்பின் பேரால் என்றாலும், நமக்கு என்ன உரிமை?

*

முதலில் அந்த எண் என்ன என்று பார்க்கலாம். தெரியாமல் பேசினால் நியாயமும் பிசகிவிடும்.

1979இல் அமெரிக்காவின் ஃபிலடெல்பியா நகரில், விஸ்டார் ஆய்வு நிறுவனத்தில் ஹிலாரி கொப்ரோவ்ஸ்கியும் உடன் உழைத்தவர்களும் பெருங்குடல் புற்றுச் செல்களை எலிக்குள் செலுத்தி, அந்தச் செல்களை மட்டும் அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்கிப் பார்த்தார்கள். அதில் ஒன்றுக்கு இட்ட வரிசை எண்தான் 19-9. அது எதைப் பற்றிக்கொள்கிறதோ அதற்கும் அதுவே பெயராகிவிட்டது. பெருங்குடலுக்காகத் தேடியது கடைசியில் கணையத்துக்குத்தான் அதிகம் பயன்பட்டது.

அது ஒரு சர்க்கரைச் சங்கிலி. கணையத்திலும் பித்தநாளத்திலும் உள்ள செல்கள் இயல்பாகவே இதைக் கொஞ்சம் உண்டாக்குகின்றன. கட்டி வந்தால் அதிகமாக உண்டாக்கி ரத்தத்தில் விடுகின்றன. ஆனால் பித்தநீர் போகும் வழி அடைபட்டாலும் ஏறும். கணைய அழற்சியிலும் ஏறும், ஈரல் சுருக்கத்திலும் ஏறும். இன்னொரு பக்கம், ரத்தவகையில் லூயிஸ் என்று ஒரு பிரிவு உண்டு. அந்தக் கூறு இல்லாமல் பிறந்தவர்கள், நூற்றில் ஐந்து முதல் பத்து பேர் வரை, இந்தச் சர்க்கரையை உண்டாக்கவே மாட்டார்கள். அவர்களுக்குக் கட்டி முற்றியிருந்தாலும் காகிதத்தில் எண் அடங்கியே இருக்கும்.

நோய்க்குறி இருப்பவர்களிடத்தில் பார்த்தால், கணையப் புற்று உள்ளவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு இது ஏறியிருக்கும். நல்ல கணக்குதான். ஆனால் ஒன்றும் இல்லாதவர்களைப் பிடித்துப் பார்த்தால் கணக்கே மாறிவிடும். 2004இல் வெளியான ஒரு கொரிய ஆய்வில் எந்தத் தொந்தரவும் இல்லாத 70,940 பேருக்கு இந்தச் சோதனை செய்த விவரம் இருக்கிறது. எண் கூடியிருந்தவர்கள் 1,063 பேர். அவர்களில் கணையப் புற்று இருந்தது 4 பேருக்கு. மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் காரணமில்லாமல் பயந்தவர்கள். இதனால்தான் நோய்க்குறி இல்லாதவர்களைச் சலித்தெடுக்க இது உதவாது என்று மருத்துவ உலகம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நோய் உறுதியானபின் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பின்தொடரத்தான் இந்த எண். ஆனாலும் 'முழு உடல் பரிசோதனை' பேக்கேஜ்களில் இதையும் சேர்த்து விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கிப் போய் ஒரு வாரம் தூங்காமல் கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு சுலபமான வழி உண்டு. தினமும் காலையில் மேட்டூர் நீர்மட்டம் பார்க்கிறோம் அல்லவா? முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 டி.எம்.சி. என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். அணை கட்டி முடித்தது 1934இல். அன்றிலிருந்து அடியில் வண்டல் சேர்ந்துகொண்டே வருகிறது. அடிக்கணக்கு அதேதான், உள்ளே இருக்கும் தண்ணீர் அதே இல்லை. தண்ணீர் இருந்தாலும் அது நம் வயலுக்கு வரும் என்பதும் இல்லை. 2018 ஜூலையில் பல வருடத்துக்குப் பிறகு மேட்டூர் 120 அடியைத் தொட்டது. ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்துப் பக்கம் மதகுகள் உடைந்து தண்ணீர் கடலுக்குப் போனது. கடைமடை வாய்க்கால்கள் அப்போதும் காய்ந்துதான் கிடந்தன. எண் பொய் சொல்லவில்லை. அது சொல்லாத விஷயத்தை நாமாக அதிலிருந்து எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

பெரியப்பாவின் 2,140 அப்படிப்பட்ட எண். அதில் எவ்வளவு அடைப்பினால், எவ்வளவு கட்டியினால் என்று அந்த எண்ணை மட்டும் வைத்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஸ்கேனும் கூட வந்தது. கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி, பக்கத்து ரத்தக் குழாயைச் சுற்றிப் பிடித்திருந்தது. டாக்டர் வராந்தாவில் வைத்து இரண்டு அண்ணன்களிடமும் என்னிடமும் சொன்னார்: ஆபரேஷனுக்குத் தாண்டிவிட்டது. இந்த நோயில் கண்டுபிடிக்கும்போதே அறுவைக்குத் தோதாக இருப்பவர்கள் பத்தில் இரண்டு பேர்கூடத் தேறமாட்டார்கள். நாங்கள் பேசிக்கொண்டிருந்த இடத்துக்குப் பத்தடி தள்ளி, நாற்காலியில், மடியில் மஞ்சள் பையோடு பெரியப்பா உட்கார்ந்திருந்தார்.

அவரிடம், "கணையத்துல வீக்கமாம், அடைப்ப எடுத்துவிட்டா சரியாப் போயிடும்" என்று சொன்னோம்.

*

செப்டம்பரில் பித்தநாளத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அடைப்பு விலகியது, மஞ்சள் இறங்கியது, நமைச்சல் நின்றது. மூன்று வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தேன். 310.

வீடு திருவிழாவாகிவிட்டது. "ரெண்டாயிரத்து நூறுலேருந்து முந்நூறுக்கு எறங்கிட்டு" என்று பெரியம்மா ஊர் முழுக்கச் சொன்னார். பெரியப்பா எனக்கு ஒரு கிலோ அசோகா வாங்கி அனுப்பினார். அந்த இறக்கம் அடைப்பு விலகியதால் வந்தது, கட்டி அப்படியே உட்கார்ந்திருக்கிறது என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் விளங்கும். நான் எதுவும் சொல்லவில்லை. இந்தத் தடவை ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 310 என்பது அச்சில் வந்த சரியான எண். அதைக் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

பொய்யைப் பற்றி நாம் யோசிக்கும்போது தப்பான வார்த்தையைச் சொல்வதைத்தான் பொய் என்கிறோம். அளவுக் கருவிகள் பெருகிய இந்தக் காலத்தில் பொய்யின் பெரும்பகுதி வேறு இடத்தில் இருக்கிறது. சரியான எண்ணைத் தவறான அர்த்தத்தோடு ஒருவரிடம் விட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். யாரும் நம்மைப் பிடிக்க முடியாது. நம் மனச்சாட்சிகூடப் பிடிப்பதில்லை.

அந்த 310ஐ நம்பி பெரியப்பா சம்பா வைத்தார். அதில் தப்பில்லை, விவசாயி வேறென்ன செய்வார்? ஆனால் அதை நம்பி ஒரு காரியத்தைத் தள்ளியும் வைத்தார். அதற்குப் பிறகு வருகிறேன்.

*

மறைப்பவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அது சாதாரண நியாயமில்லை.

பெரிய அண்ணன் சொன்னார்: "தெரிஞ்சா அன்னிக்கே ஒடஞ்சுடுவாரு. இருக்கிற நாலு மாசத்த நிம்மதியா இருக்கட்டுமே." இதில் கெட்ட எண்ணம் ஒரு துளி இல்லை. ராத்திரி ராத்திரியாக அழுதுவிட்டுக் காலையில் முகம் கழுவிக்கொண்டு அப்பாவிடம் சிரித்துப் பேசுகிறவன், தன்மேல் ஒரு சுமையை ஏற்றிக்கொள்கிறான். வள்ளுவரும் வாய்மையைப் பேசப் புகுந்த இடத்திலேயே, குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மைக்குச் சமம் என்று இடம் விட்டிருக்கிறார். ஜெர்மானியத் தத்துவவாதி கான்ட் 1797இல் எழுதிய ஒரு கட்டுரையில் கொலைகாரன் வந்து கேட்டால்கூடப் பொய் சொல்லக்கூடாது என்று வாதிடுகிறார். நம் ஊரில் யாரும் அவர் பக்கம் நிற்க மாட்டார்கள். நானும் நிற்கவில்லை.

'இதெல்லாம் நம்ம பண்பாடு, வெளிநாட்டுக்காரன் மாதிரி மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியாது' என்றும் ஒரு பேச்சு உண்டு. அது வரலாறு தெரியாத பேச்சு. 1961இல் அமெரிக்க மருத்துவர்களிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பில் பத்தில் ஒன்பது பேர், புற்றுநோயை நோயாளியிடம் சொல்வதில்லை என்றுதான் சொன்னார்கள். 1979இல் அதே கேள்வியை மறுபடி கேட்டபோது கிட்டத்தட்ட எல்லோருமே சொல்வதாகச் சொன்னார்கள். பதினெட்டு வருடத்தில் தலைகீழ். கொப்ரோவ்ஸ்கியின் குழு அந்தச் சர்க்கரையைப் பற்றி எழுதியதும் அதே 1979தான் என்பது தற்செயல். மாறியதற்குக் காரணங்கள் பல. அவற்றில் முக்கியமானது, சொல்வதற்கு ஏதோ ஒரு சிகிச்சை கையில் வந்துவிட்டது. ஆகவே நாம் இன்று செய்வதைத்தான் அவர்கள் அறுபது வருடத்துக்கு முன்பு செய்தார்கள். இது தமிழ்ப் பண்பாடு இல்லை, கையாலாகாத இடத்தில் மனுஷன் எங்கும் செய்வதுதான்.

ஆனால் கணையப் புற்றில் அந்தக் கையாலாகாமை இன்னும் போகவில்லை. அதனால் பழைய கேள்வி இங்கே அப்படியே இருக்கிறது: சொல்லி ஆகப்போவது என்ன?

வள்ளுவர் வைத்த நிபந்தனையை இந்த இடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். நன்மை என்று மட்டும் அவர் சொல்லவில்லை, குற்றமற்ற நன்மை என்கிறார். யாருக்கு நன்மை என்று முதலில் கேட்டுப் பார்க்கலாம். பெரியப்பா உடைந்துபோவதை யார் பார்க்க முடியாது? நாங்கள்தான். அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தவித்தது யார்? நாங்கள்தான். நிம்மதி அவருக்கு என்று பேர், பாதி நிம்மதி எங்களுக்கு. மருந்துக்கு நான்கு உறுப்பு என்று இன்னொரு இடத்தில் வள்ளுவர் எண்ணும்போது நோயாளிதான் முதலில் வருகிறார். அப்புறம்தான் வைத்தியர், மருந்து, கூட இருந்து பார்ப்பவர். நாங்கள் நான்காம் இடத்துக்காரர்கள். முதல் இடத்துக்காரரை எழுப்பிவிட்டு அங்கே போய் உட்கார்ந்துகொண்டோம்.

சட்டமும் எங்களுக்கு ஒரு சந்து விட்டு வைத்திருந்தது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள், நோயின் கடுமையை மருத்துவர் கூட்டியும் சொல்லக்கூடாது, குறைத்தும் சொல்லக்கூடாது என்கின்றன. நோயாளியோ, உறவினரோ, பொறுப்புள்ள நண்பரோ நிலைமையைத் தெரிந்துவைத்திருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கின்றன. அந்த 'ஓ'காரத்தில்தான் தமிழ்நாட்டின் வராந்தாக்கள் எல்லாம் இயங்குகின்றன. 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளியின் சம்மதம் அவருடையதாகவே இருக்க வேண்டும், பெற்ற தாய் அவருக்குப் பதிலாகக் கொடுக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு டெல்லியில் இருக்கிறது. தஞ்சாவூர் வராந்தாவில் டாக்டர் மகனைத்தான் கூப்பிடுகிறார்.

இதன் விலை என்ன என்பதற்கு ஓர் உதாரணம். நோயைக் கொஞ்சம் தள்ளிப்போட கீமோ கொடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். கொடுத்தால் பெரியப்பாவுக்குத் தெரிந்துவிடும். "வேணாம் சார், அவரு தாங்க மாட்டாரு" என்று பெரிய அண்ணன் சொல்லிவிட்டார். வேண்டாம் என்பதே சரியான முடிவாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் அந்த வயதில் அந்த வேதனைக்கு அந்த இரண்டு மாதம் பெறுமா என்பது அவர் போட வேண்டிய கணக்கு. ரகசியத்தைக் காப்பாற்றுவதற்காக நாங்கள் சிகிச்சையை விட்டோம்.

*

பெரியப்பாவை அறிந்தவர்களுக்கு இதில் இன்னொரு கசப்பு உண்டு.

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, கல்லணைக் கால்வாய்ப் பாசனம். தை, மாசியில் கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காத்துக் கிடப்பது அங்கே எல்லோருக்கும் பழக்கம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். மழை பெய்த வருடங்களில் அதை 19, 20 என்று தளர்த்தச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும், மத்தியக் குழு வந்து பார்க்க வேண்டும். பெரியப்பா மீட்டரை நம்பியதே இல்லை. நாலு நெல்லை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். 'கடுக்'கென்று சத்தம் வந்தால் காய்ந்த நெல். அவர் கடித்துச் சொல்லும் கணக்கு மீட்டரைவிட ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

ஒரு வருடம் மீட்டர் வைத்தவர் தள்ளி நின்று பார்த்துவிட்டு "இருபது, காயவச்சு எடுத்துட்டு வாங்க" என்றார். பெரியப்பா விடவில்லை. "என் நெல்லு. என் கண்ணு முன்னால வையி. நம்பர நானே பாத்துக்கறேன்." மறுபடி வைத்தார்கள். 18 காட்டியது. அப்போதும் எடுக்கவில்லை. இரண்டு நாள் ரோட்டில் பரப்பிக் காயவைத்துத்தான் போட்டார். ஆனால் வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் முகத்தில் தோற்ற களை இல்லை. "பதினெட்டுதான். அவன் சொன்ன மாதிரி இருவது இல்ல" என்றார்.

தன் நெல்லின் எண்ணைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சண்டை போட்டவர் அவர். அந்த மனுஷனின் ரத்தத்தின் எண்ணை நான் மேஜை அறையில் வைத்துப் பூட்டினேன்.

*

அக்டோபர் கடைசியில் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கோவா முதலமைச்சர் மனோகர் பாரிக்கருக்குக் கணையப் புற்றுநோய் என்று அந்த மாநிலத்துச் சுகாதார அமைச்சர் சொன்ன செய்தி வந்திருந்தது. பிப்ரவரியிலிருந்து பாரிக்கர் ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தார், அமெரிக்காவுக்கும் போய்வந்தார். நோயின் பெயரை வெளிப்படையாகச் சொல்ல அரசாங்கத்துக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு மாநிலமே ஒரு குடும்பம் மாதிரி நடந்துகொண்டது.

பெரியப்பா விரலை அந்தச் செய்தியில் வைத்தபடி கேட்டார்: "கணையம்ங்கிறது எல்லாருக்கும் ஒண்ணுதானேடா தம்பி?"

"ஆமா பெரியப்பா."

"எனக்கு வீக்கம்னுதானே டாக்டர் சொன்னாரு?"

"ஆமா. அது வேற, இது வேற."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பேப்பரை மடித்தார். "சரி. மேட்டூர் எவ்வளவு இன்னிக்கு?" என்றார். நான் போனில் பார்த்து நீர்மட்டத்தைச் சொன்னேன். அந்த எண்ணை மட்டும் தயங்காமல் சொன்னேன்.

டால்ஸ்டாய் 1886இல் எழுதிய 'இவான் இலியிச்சின் மரணம்' கதையில், சாகிறவனை வலியைவிட அதிகம் வதைப்பது சுற்றியிருப்பவர்களின் பொய்தான். வீட்டு வேலைக்காரன் ஒருவன் மட்டும் பொய் சொல்வதில்லை, அவன் பக்கத்தில்தான் இவானுக்கு ஆறுதல். படித்த காலத்தில் அது ரஷ்யக் கதையாகத்தான் இருந்தது. அந்தத் திண்ணைக்குப் பிறகு அதை நான் எடுக்கவில்லை.

*

தள்ளிப்போட்ட காரியம் இதுதான். பெரியப்பாவோடு முப்பது வருடம் வயலில் கிடந்தவர் ஒருவர். அவரை நான் அண்ணே என்று கூப்பிடுவேன். நாற்றங்கால் விடுவது, தண்ணீர் மாற்றுவது, ராத்திரி மடை காப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்கு மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், எழுதிக் கொடுப்பதாகப் பெரியப்பா பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் எல்லோர் முன்னிலும் சொன்னதுதான். ஸ்டென்ட் வைத்து வந்த கையோடு, "தை பொறக்கட்டும், அறுப்பு முடிஞ்சதும் ரிஜிஸ்டர் ஆபீஸ் போயி முடிச்சுடறேன்" என்றார். 310ஐப் பார்த்த மனுஷனுக்குத் தை மாதம் பக்கத்தில் இருந்தது. எனக்குத் தெரியும், தை அவருக்குத் தூரம் என்று.

நவம்பர் 16 விடிகாலையில் கஜா அடித்தது. தென்னை எல்லாம் படுத்துவிட்டது. ஊர் பல நாள் இருட்டில் கிடந்தது. பத்திரம் பற்றி யாரும் வாயெடுக்கவில்லை. டிசம்பரில் மறுபடி கண் மஞ்சளாயிற்று. நான் எடுத்த மூன்றாவது எண் 4,900. அதை அவர் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. மார்கழி முடிய ஒரு வாரம் இருக்கும்போது போய்விட்டார்.

கருமாதி முடிந்து ஒரு மாதம் கழித்து நான் பேச்சை எடுத்தேன். "எழுத்துல ஒண்ணும் இல்லையேடா" என்றார் பெரிய அண்ணன். புயலில் தோப்பு போன கடன் அவருக்கு இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். மூன்று மா நிலம் இன்றைக்கும் அண்ணன்கள் பேரில்தான் இருக்கிறது.

பாரிக்கர் ஜனவரி கடைசியில் மூக்கில் குழாயோடு சட்டமன்றத்துக்கு வந்து பட்ஜெட் படித்தார், மார்ச் 17 அன்று இறந்தார். அந்தக் காட்சி பலருக்கு வீரமாகவும் சிலருக்குக் கொடுமையாகவும் பட்டது. எனக்கு ஒன்றுதான் தோன்றியது: எவ்வளவு நாள் இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் அந்த நாளை எதற்குச் செலவழிப்பது என்று தானே முடிவெடுத்திருக்கிறார். அந்த முடிவு சரியோ தப்போ, அவருடையது.

சொல்லி ஆகப்போவது என்ன என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இவ்வளவுதான். மருந்து இல்லாத நோயிலும் மனுஷனுக்குச் செய்து முடிக்க வேண்டிய வேலை இருக்கிறது. சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டியிருக்கும், கடனைத் தீர்க்க வேண்டியிருக்கும், யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். அதற்கு நாள் கணக்கு தெரிய வேண்டும். எண்ணை மறைக்கும்போது வலியை மறைக்கிறோம் என்று நினைக்கிறோம். அவருடைய தை மாதத்தையும் சேர்த்து மறைத்துவிடுகிறோம்.

எல்லோரிடமும் போட்டு உடைத்துவிட வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. தெரிந்துகொள்ள விரும்பாமல் இருப்பதும் ஒருவருடைய உரிமைதான். சிலர் நிஜமாகவே, "எனக்கு ஒண்ணும் சொல்லாதீங்க, பையன் பாத்துப்பான்" என்பார்கள். அதை மதிக்க வேண்டும். ஆனால் அப்படிச் சொன்னது அவரா, அல்லது அவர் சார்பில் நாமே சொல்லிக்கொண்டோமா என்பது முக்கியம். பெரியப்பாவிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்பது பெரிய காரியமும் இல்லை. ஊசி போடுவதற்கு முன்னால் கேட்டுவிடலாம், எண் பிறக்கும் முன்பே. பிறந்த பிறகு கேட்டால் அந்தக் கேள்வியே பதிலாகிவிடும். இப்போது டியூமர் மார்க்கர் என்று சீட்டு வந்தால் நான் ரத்தம் எடுக்கும்போதே கேட்டுவிடுகிறேன்: "ரிப்போர்ட்ட உங்க கையில குடுக்கணுமா, வேற யார்கிட்டயாச்சும் குடுக்கணுமா?" பாதிப் பேர் மகனைக் கைகாட்டுகிறார்கள். அர்த்தம் சொல்வது டாக்டர் வேலை, என் வேலை இல்லை. ஆனால் காகிதம் யார் கைக்குப் போகிறது என்பதில் எனக்கும் பங்கு உண்டு.

இன்னொரு சந்தேகமும் என்னை விடவில்லை. பெரியப்பாவுக்குத் தெரிந்திருந்ததோ? பேப்பரை மடித்த அந்தப் பார்வையை நினைத்தால் தெரிந்திருந்தது என்றுதான் படுகிறது. நெல்லைக் கடித்து ஈரம் சொன்னவருக்குத் தன் உடம்பு சொல்லாமலா இருந்திருக்கும்? நாங்கள் அவருக்காக நடித்ததைப் போல அவரும் எங்களுக்காக நடித்திருக்கலாம். அப்படியென்றால் பத்திரத்தை ஏன் எழுதவில்லை? எழுதப் போனால் நாடகம் கலைந்துவிடும் என்றா? நாங்கள் கட்டிய பொய்க்குள் அவருக்குச் சாவதற்கு இடம் இருந்தது, தயாராவதற்கு இடம் இல்லாமல் போயிற்று. இதை இனி யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது?

போன வருடம் ஊருக்குப் போனபோது வரப்பில் அந்த அண்ணனைப் பார்த்தேன். இப்போது அண்ணன்களுக்கே தண்ணீர் மாற்றிக்கொண்டிருக்கிறார். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது மட்டும் கேட்டார்: "ஐயாவுக்குத் தெரியுமா தம்பி? போயிடுவோம்னு?"

தெரியும் என்று சொன்னால், தெரிந்தும் எழுதாமல் போனவராகப் பெரியப்பா அவர் மனதில் நிற்பார். தெரியாது என்று சொல்ல, எனக்கே அது நிச்சயமில்லை. எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன்.

"நம்பர் எனக்குத் தெரியும்ணே. மொத நாளே தெரியும். அவரு கேட்டாரு, நான் சொல்லல."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடைப் பக்கம் போனார். அன்றைக்குப் புது ஆற்றில் தண்ணீர் வந்திருந்தது.